ஏதாச்சும் விசேஷமுங்களா?

அந்த வருடம் டிவியை எப்போது போட்டாலும் நிறையப் பிள்ளை பெற்றுக்கொள்ளச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் திருப்பூரில் கைக்குழந்தைகளுக்குப் பனியன் தைக்கும் கம்பெனியில் டெய்லர். இரண்டாவது உண்டாகி மூன்றாம் மாதம். கணவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

டீ நேரத்தில் முதலாளி வந்தார். "நம்ம பக்கம் வயசானவங்கதான் மிச்சமுங்க. வேலைக்கு வடக்கேருந்து ஆள் கூட்டியார வேண்டியிருக்குது. கவர்மெண்டே சொல்லுது, நெறையப் பெத்துக்கோங்க அம்மிணி" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

பெற்றுக்கொள்ளலாமாம்! வயிறு தெரிந்தால் வேலை போய்விடும். போன வாரம்தான் பக்கத்து மெஷின் அக்காவை, "பெத்துட்டு மெதுவா வாங்க" என்று மரியாதையாகவே அனுப்பினார்கள். அப்படிப் போன யாருக்கும் மெஷின் திரும்பக் கிடைத்ததில்லை. அதனால்தான் நான் கம்பெனியில் கொடுத்த தொளதொள ஓவர்கோட்டுக்குள் ஒளிந்துகொண்டிருந்தேன். குமட்டினால் மோந்துகொள்ளப் பையில் எலுமிச்சம்பழம்.

அன்று அதுவும் காப்பாற்றவில்லை. பாத்ரூமில் வாந்தியெடுத்துவிட்டு வந்தால், என் மெஷினருகே சூப்பர்வைசர் நிற்கிறார்.

"ஏனுங்க, ஏதாச்சும் விசேஷமுங்களா?"

"வயித்துல ஒண்ணுமில்லீங்க. காலையில தின்னது சேரல."

அவர் நகர்ந்துவிட்டார். எனக்கு அப்போதுதான் சொன்னது உறைத்தது. வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு இல்லை என்று வாயால் சொல்லக் கூடாது என்பார்கள் எங்கள் ஊரில். உள்ளே கேட்டிருக்குமோ?

அடுத்து தைக்க வந்த குட்டிப் பனியனைத் தொடக் கை வரவில்லை.