மலைக்கு ஒரு படகு மோட்டார்

என் வாழ்க்கையில் நான் கடலைப் பார்த்தது ஒரே ஒரு நாள். தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கும்வரை மடியில் ஒரு வாளியை வைத்துக்கொண்டு குனிந்தே இருந்தேன். ஆகவே பார்த்தேன் என்பதும் கொஞ்சம் மிகைதான். பிறந்து வளர்ந்தது சிலோனில் ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே எனக்குத் தெரிந்த பெரிய தண்ணீர், ஃபேக்டரிக்குப் பின்னால் ஓடிய ஓடை.

நீலகிரியில் வந்து சேர்ந்த தோட்டத்தில் இதை யாரும் விசாரிக்கவில்லை. சிலோன் ஒரு தீவு, தீவைச் சுற்றிலும் கடல், ஆகவே சிலோன்காரனுக்குப் படகு தெரியும். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்றால் இதுதான். வந்த புதிதில் ஃபீல்டு ஆபீசர், "ஏப்பா, நீயெல்லாம் கடல்ல மோட்டார் போட் ஓட்டியிருப்பியே?" என்று கேட்டார். கோயமுத்தூர்ப் பக்கத்து ஆள், நல்லவர், ஆனால் தானே முடிவுசெய்துவிட்டுக் கேள்வி கேட்பார். "ஓட்டியிருக்கேங்க" என்றேன். யானை மேய்த்தாயா என்றிருந்தால் அதற்கும் ஆமாம் போட்டிருப்பேன். தாயகம் திரும்பியோர் முகாமில் வரிசையில் நின்று பழகியவனுக்கு இல்லை என்ற சொல் சட்டென்று வாயில் வராது.

எங்கள் தோட்டம் நடுவட்டத்துக்கு அப்பால், அணைத் தண்ணீரின் இரண்டு கரையிலும் இருந்தது. ஃபேக்டரி, ஆபீஸ், ரோடு, ஆஸ்பத்திரிக்குப் போகிற ஜீப் எல்லாம் ஒரு கரையில். சிலோனிலிருந்து வந்தவர்களுக்குக் கொடுத்த வரிசை வீடுகளான லயங்கள் மறு கரையில். நடுவே துடுப்புப் போடும் மரப்படகு ஒன்று. சுற்றி நடந்து வந்தால் காட்டுவழியில் அரை நாள் ஆகும், அதுவும் யானை வழிவிட்டால். ஜூனில் காற்று எழும்பிவிட்டால் துடுப்பு எடுபடாது. முந்தின வருடம் எங்கள் லயத்துப் பெண் ஒருத்தி பிரசவ வலியோடு, காற்று நிற்கட்டும் என்று கரையில் காத்திருந்தாள். சாயங்காலம் நின்றது. அதற்குள் தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள்.

அதன் பிறகுதான் தோட்டத்து மானேஜர் துரைக்கு மோட்டார் நினைவு வந்தது. புதிது வாங்கப் பணம் கிடையாது, கொச்சியில் பழையது கிடைக்கும், இதற்குமேல் ஒரு பைசா தரமாட்டேன் என்று ஒரு தொகையைச் சொன்னார். ஃபீல்டு ஆபீசரையும், கடல் தெரிந்த என்னையும் அனுப்பினார். அது ஏப்ரல். என் மனைவிக்கு ஜூன் கடைசியில் நாள் சொல்லியிருந்தார்கள்.

புறப்படும்போது அவள் சோற்றுப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, "என்னாங்க, ஒங்களுக்கு மோட்டாரப் பத்தி என்னா தெரியும்?" என்று கேட்டாள். கப்பலில் அந்த வாளியைக் கழுவிக் கழுவிக் கொடுத்தவள் அவள்தான்.

"ஃபேக்டரி இஞ்சின் ரூம்ல ஆறு வருசம் வேல பாத்தேன்ல" என்றேன். அது மட்டும் பொய் இல்லை.

கொச்சியில் காயல் ஓரமாக ஒரு தகரக் கொட்டகை. துரை சொன்ன தொகைக்குள் இரண்டு மோட்டார்கள் அகப்பட்டன. ஒன்று ஐந்து குதிரைசக்தி. யாரோ காயலில் உல்லாசமாகச் சுற்ற வைத்திருந்தது, நீலப் பெயிண்ட் புதுக்கருக்கு மாறாமல் இருந்தது. மற்றது பத்துக் குதிரைசக்தி. கடலில் மீன் பிடிக்கப் போய் அடிபட்டது. மூடி உடைந்து கயிற்றால் கட்டியிருந்தது.

கடைக்காரர் சின்னதைத் தன் படகில் மாட்டி, நாலு மணல் மூட்டைகளையும் எங்கள் இருவரையும் ஏற்றினார். ஒரே இழுப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. படகு பறந்தது. ஃபீல்டு ஆபீசருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"இதே போதுமப்பா. சத்தத்தப் பாரு, தையல் மிசினாட்டம்!"

கரைக்கு வந்ததும் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனாலும் எனக்கு மனது ஒப்பவில்லை. ஹட்டன் ஃபேக்டரிக்குக் கொழும்பிலிருந்து ஒரு புது எஞ்சின் வந்தது ஞாபகம் வந்தது. கீழே அருமையாக ஓடியது, எங்களிடம் வந்ததும் கரும்புகை கக்கி இளைத்தது. "கொழும்புல இதுக்கு வயிறு நெறையக் காத்து. இங்க அரை வயித்துக் கஞ்சிதான்" என்றார் அங்கிருந்த ஃபிட்டர். மேலே காற்று மெலிசு. கடல் மட்டத்தில் ஐந்து இழுப்பது எங்கள் அணையில் நாலுகூட இழுக்காது. எதிர்க்காற்றும் அடித்தால் இந்த அழகு நீல மோட்டார் நட்டநடுத் தண்ணீரில் நின்று தையல் தைத்துக்கொண்டிருக்கும்.

இதைச் சொல்ல வேண்டுமானால் எங்கே கற்றேன் என்பதையும் சொல்லியாக வேண்டும், கடல் பொய் உடைந்துவிடும். பூசி மெழுகிப் பார்த்தேன்.

"பெருசே எடுத்துடலாங்க ஐயா. கடல்லயெல்லாம் நாங்க பெருசுதான்..."

"அட, நீ ஓட்டுன கடலு வேற, நம்ம அணை வேறப்பா. கொளத்துக்கு எதுக்குப் பத்து? அதும் இந்த ஓட்டைய?" என்று சொல்லிக்கொண்டே பையில் கைவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் கொஞ்சம், என்மேல் நிறைய. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தானே ஆகவேண்டும். பொய் சொல்லி வந்தவன் என்று தெரிந்தால் வேலை போகும், லயம் போகும். பயந்தேன், மறைப்பானேன். ஆனால் ஜூன் மாதம் அந்தக் கரையில் நிற்கப்போகிறவளை நினைத்தபோது இந்தப் பயம் சின்னதாகிவிட்டது.

"ஐயா, நான் கடல்ல மோட்டார் ஓட்டுனதே இல்லீங்க. கடலப் பாத்ததே கப்பல்ல வந்த அன்னைக்கித்தான். அன்னைக்கும் வாந்திதான் எடுத்தேன். எனக்குத் தெரிஞ்சது மலைங்க. மலையில இஞ்சினுக்கு என்னா ஆகும்னு தெரியும். இந்தச் சின்னது நம்ம காத்துல நிக்காதுங்க."

பையில் போன கை பையிலேயே நின்றது. கடைக்காரர் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார். ஃபீல்டு ஆபீசர் பையிலிருந்து வெறுங்கையை எடுத்தார். பிறகு, "உன்ற ஊட்டுக்காரிக்கு எப்பப்பா நாளு?" என்றார்.

"ஜூன் கடைசிங்க."

"அந்தப் பெருச எறக்கச் சொல்லு."

பெரியதை ஒரு டிரம் நல்ல தண்ணீரில் இறக்கி ஓடவிட்டோம். எஞ்சினைக் குளிரவைத்துவிட்டு வெளியே வரவேண்டிய தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. தண்ணீர் வெளிவரும் துளையைக் கம்பியால் குத்தச் சொன்னேன். வெள்ளையாக ஒரு செதில் விழுந்தது. எடுத்து நாக்கில் வைத்தேன். உப்பு. கப்பலில் உதட்டில் ஒட்டியிருந்த அதே உப்பு. குழாய் முழுக்கச் சுத்தம்செய்து தந்தால்தான் வாங்குவோம் என்று ஃபீல்டு ஆபீசர் சத்தம் போட்டார். மறுநாள் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தோம், தண்ணீர் சீராகப் பீய்ச்சியது. வாங்கி லாரியில் ஏற்றினோம்.

அணையில் முதல் ஓட்டத்தில் அது கரும்புகை விட்டு இருமியது. கரையில் நின்ற கூட்டம் சிரித்தது. சிரிக்காதவர் ஃபீல்டு ஆபீசர் ஒருவர்தான். எங்கள் ஃபிட்டரிடம் சொல்லி, கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் ஜெட்டின் ஓட்டையை ஈயம் வைத்து அடைத்து, முன்பைவிடச் சின்னதாகத் துளைபோட வைத்தேன். காற்றுக்குத் தக்க பெட்ரோல், அவ்வளவுதான். புகை நின்றது.

ஜூனில் மூன்றாவது வாரமே, ஒரு மத்தியானம், அவளுக்கு வலி எடுத்தது. காற்று முழு வேகத்தில் இருந்தது. கொழுந்துச் சாக்குகளை விரித்துப் படுக்கவைத்தோம், பக்கத்தில் லயத்துப் பெண் ஒருத்தி உட்கார்ந்துகொண்டாள். நடுத் தண்ணீருக்கு வந்ததும் படகு நின்றுவிட்டது போல இருந்தது. எதிர்க்கரையில் ஒரு சில்வர் ஓக் மரத்தைக் குறிவைத்துப் பார்த்தேன். நகரவில்லை. மோட்டாரை அதன் உச்சிவரை திருகிவிட்டு மறுபடி பார்த்தேன். மரம் ஒரு சாண் பெரிதாகியிருந்தது. அப்புறம் இன்னொரு சாண். என் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு, "வாளி வேணுமாங்க?" என்று கேட்டாள். அந்த நிலையிலும் அவளுக்குக் கிண்டல்.

ஃபேக்டரிக் கரையில் ஃபீல்டு ஆபீசர் ஜீப்போடு நின்றுகொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்த ஒரு மணி நேரத்தில் பெண் பிறந்தது. தாய் சுகம் என்றார்கள். குழந்தையைத் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, நர்ஸ் ரிஜிஸ்டரைத் திறந்து, தகப்பனாருக்கு என்ன வேலை என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ஃபீல்டு ஆபீசர் முந்திக்கொண்டார்.

"படகு டிரைவருங்க. சிலோன்ல கடல்லயே மோட்டார் ஓட்டினவரு."

முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லை. அவர் என்னை மரியாதையாகச் சொல்லிக் கேட்டது அன்றுதான். மறுத்துப் பேச வாய் வரவில்லை, கையில் குழந்தை இருந்தது.