கமலை மாடுகள் தூக்கிய எஞ்சின்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசி ரயில் நிலையத்து வாசலில் எங்கள் பிக்கப் வண்டி நின்றாக வேண்டும். சீசனுக்குத் தங்க வருகிறவர்கள் படுக்கை, பாத்திரம், ஊறுகாய் ஜாடி என்று பாதி வீட்டைப் பெயர்த்துக்கொண்டு வருவார்கள். அதையெல்லாம் குற்றாலத்துக்கு ஏற்றிப் போவதுதான் என் வீட்டுக்காரருக்குத் தொழில். அந்தச் சில மாதம் ஓடினால்தான் வருஷம் முழுக்க எங்கள் அடுப்பு எரியும். அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம், சரியாகச் சாரல் விழும் சமயத்தில், எஞ்சினில் நெடுக விரிசல் விட்டுவிட்டது. ஒட்டவைக்க முடியாது என்று ஒர்க்‌ஷாப்பில் கையை விரித்தார்கள்.

நான் அத்தான் என்று கூப்பிடுகிற அவருடைய அண்ணனிடமும் அதே கம்பெனி பிக்கப் ஒன்று இருந்தது. எங்களுடையதைவிடக் கொஞ்சம் பழையது. வாய்க்காலில் உருண்டு, மேல்கூடு அப்பளமாக நொறுங்கி, இலஞ்சியில் அவர் தோட்டத்துக் கிணற்றடியில் கிடந்தது. எஞ்சினுக்கு மட்டும் ஒரு கீறல்கூட இல்லை.

"எடுத்துக்கோடே, எனக்கு இனிமே வண்டியே வேண்டாம்" என்றார் அத்தான்.

எங்கள் வண்டியின் செத்த எஞ்சினை என் வீட்டுக்காரர் துண்டு துண்டாகக் கழற்றிப் போட்டுவிட்டார். உயிருள்ளதை அப்படிச் செய்ய முடியுமா? கியர்பாக்ஸோடு சேர்த்து ஒரே கட்டாகத் தூக்க வேண்டும். சீசன் நேரத்தில் சங்கிலிக் கப்பியை யாரும் இரவல் தரவில்லை.

"நம்ம கமலை மாடு என்னத்துக்கு இருக்கு?" என்றார் அத்தான்.

மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கிற கமலைக் கிணற்றின் உருளையைக் கழற்றிப் புளியமரக் கிளையில் கட்டினார்கள். கமலையின் தடித்த கயிறான வடத்தின் ஒரு முனையை எஞ்சினில் முடிந்து, மறுமுனையை மாடுகளின் நுகத்தடியில் பூட்டினார்கள். அத்தான் குரல் கொடுத்தார். மாடுகள் நாலு எட்டு வைத்தன. மூடி கழற்றிய வண்டிக்குள்ளிருந்து அது மெல்ல எழுந்து வந்தது.

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். எங்கள் வீட்டு ஆட்டுரலைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். இதுவா அத்தனை பேர் வீட்டுச் சாமானையும் மேட்டில் இழுத்துக்கொண்டு போனது? எண்ணெய் சொட்டச் சொட்ட அது அந்தரத்தில் தொங்கியதைப் பார்த்து எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. சிரிப்பார்களே என்று சும்மா இருந்தேன்.

அடியிலிருந்த வண்டியை உருட்டி வெளியே தள்ளிவிட்டு, அந்த இடத்துக்கு, தோட்டத்துக்கு இழுத்து வந்திருந்த எங்கள் வண்டியைக் கொண்டுவர வேண்டும். அத்தான் என்னிடம், "மாட்டைப் பிடிச்சுக்கோம்மா" என்று சொல்லிவிட்டுத் தள்ளப் போனார். பழைய வண்டி போயிற்று. எங்கள் வண்டியும் வந்து நின்றது. கியர்பாக்ஸின் வால் சரியாக நுழைய வேண்டுமென்று இவர் எஞ்சினுக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்து நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் மாடுகள் ஓர் எட்டுப் பின்னால் வைத்தன.

அவற்றின் மேல் என்ன குற்றம்? பிறந்ததிலிருந்து அவற்றுக்குத் தெரிந்தது இரண்டே வேலை. முன்னால் போய்த் தண்ணீரை மேலே ஏற்றுவது, பின்னால் வந்து, தண்ணீர் மொள்ளுகிற சால் என்ற பெரிய வாளியை மறுபடி கிணற்றுக்குள் இறக்குவது. பாரத்தைத் தாங்கிக்கொண்டு நடுவில் நில் என்று யாரும் அவற்றிடம் சொன்னதே இல்லை. தூக்குவதற்கு அவ்வளவு யோசித்த அண்ணனும் தம்பியும் நிறுத்துவதைப் பற்றி யோசிக்கவே இல்லை. எனக்கு அந்த நேரத்தில் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுத்தேன். கேட்கவில்லை. எஞ்சின் ஒரு சாண் இறங்கியது. "ஏட்டி, மாட்டப் பிடி!" என்று இவர் கத்தினார்.

சுந்தரபாண்டியபுரத்தில் என் அப்பா கமலை இறைப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். மாடுகள் முன்னால் போகும்போது அப்பா வடத்தின்மேல் உட்கார்ந்துகொள்வார். அவர் எழுந்த பிறகுதான் அவை பின்னால் வரும். பெண்பிள்ளை யாரும் வடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஓடிப்போய்ச் சேலையைச் செருகிக்கொண்டு, மாடுகளுக்குப் பின்னால் அந்த ஈர வடத்தின்மேல் ஏறி உட்கார்ந்தேன்.

மாடுகள் நின்றன. மறுபடி முன்னால் சாய்ந்து, இறங்கிய அந்த ஒரு சாணையும் தூக்கிக்கொண்டு நின்றன. அவ்வளவு கனமான இரும்புக்கு முன்னால் என் எடை எம்மாத்திரம்? ஆள் உட்கார்ந்திருக்கிறது என்ற ஒன்றுக்காக அவை நின்றன. வடம் எனக்கடியில் நடுங்கிக்கொண்டிருந்தது.

"அப்படியே இரும்மா" என்றார் அத்தான். தம்பியும் அவரும் எதையோ நெம்பினார்கள், நகர்த்தினார்கள். பிறகு இவர் குரல் வந்தது: "இப்ப எந்திரிட்டி, மெல்ல."

கை இன்னும் உள்ளேதான் இருந்தது. நான் எழவில்லை.

"கைய எடுங்க முதல்ல!"

"எடுத்தா விலகிரும். எந்திரின்னு சொல்லுதேன்லா!"

எழுந்தேன். நான் எழுந்தது தெரிந்ததும் மாடுகள் தாமாகவே பின்னால் வந்தன. கிணற்றுக்குள் சால் இறக்குகிற அதே நிதானம். வண்டிக்குள் ஒரு முனகல் கேட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

இன்னொரு வண்டிக்கென்று செய்த எஞ்சின் எங்கள் வண்டியின் துளைகளில் அச்சாகப் பொருந்தியதாம். போல்ட்டுகளை முடுக்கி, குழாய்களை மாட்டி, கம்பியை விட்டுச் சுழற்றியபோது அது பிடித்துக்கொண்டதாம். அண்ணனும் தம்பியும் கூத்தாடினார்களாம். அங்கேயே நின்றும் எனக்கு எதுவும் கண்ணிலும் காதிலும் ஏறவில்லை; எல்லாம் அவர்கள் பிறகு சொல்லித்தான் தெரியும்.

"கேட்டியாட்டி சத்தத்த?" என்று இவர் என்னிடம் வந்தார். அதுவரை அத்தான் முன்னால் நான் அவரைத் தொட்டதில்லை. எண்ணெயும் அழுக்குமாக இருந்த அந்த இரண்டு கைகளையும் பிடித்து ஒவ்வொரு விரலாக எண்ணினேன். பத்தும் இருந்தன. அதற்குப் பிறகுதான் எஞ்சின் ஓடுகிற சத்தம் என் காதில் விழுந்தது.