ஓடுபாதைக்கு அடியில் ஒரு கிணறு

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. பயந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளலாம். நான் சொல்லப்போவது யாரோ சொல்லிக் கேட்டதில்லை. என் மகள் மாசாணிக்கு நடந்தது. என் கண்ணால் பார்த்தது.

நான் கல்யாணமாகி வந்தபோது கோயமுத்தூர் விமான நிலையம் எங்கள் தோட்டத்திலிருந்து வெகுதூரம். ஓடுபாதையும் குட்டை. விமானம் இறங்கும் முன் ஓர் ஆள் விசில் ஊதி ஆடுகளை விரட்டுவார். பிறகு கம்பிவேலி வந்தது. வேலி மதிலானது. தொண்ணூறுகளில் ஓடுபாதையை நீட்ட வேண்டுமென்று அந்த மதில் எங்கள் பக்கம் நகர்ந்தது. தென்னை போனது, வீடு போனது. கிணற்றையும் மூடப்போவதாகச் சொன்னார்கள்.

காலி செய்த அன்று மாசாணிக்கு எட்டு வயது. ஒவ்வொரு தென்னையாகத் தொட்டு விடைபெற்றாள். எங்கள் ஊர் வழக்கத்தில் கிளம்பும்போது 'போறேன்' என்று சொல்லவே மாட்டோம். 'வாரேன்' என்றுதான் சொல்வோம். கடைசியாகக் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"வாரேனுங்க!"

எதிரொலி வந்தது.

"வாங்க..."

பக்கத்துத் தோட்டத்து ராமாமணி சிரித்தாள். "அக்கா, உங்க கிணத்துக்கு இருக்கற மரியாதை உங்க ஊட்டுக்காரருக்கு இல்லீங்களே!"

நானும் சிரித்தேன். ஆனால் எதிரொலி சொன்னதைத்தானே திருப்பிச் சொல்லும்?

புது வீடு மதிலுக்கு வெளியே. ராமாமணியும் பக்கத்திலேயே குடிவந்தாள். கிணற்று ராட்டினத்தைக் கழற்றி வந்து கொல்லைச் சுவரில் மாட்டியிருந்தோம். கிணற்றை மூடி ஒரு வாரம் இருக்கும். உச்சி வெயில். காற்றே இல்லை.

கிரீச்... கிரீச்...

ராட்டினம் தானாகச் சுற்றியது. தொட்டுப் பார்த்தேன். கயிறு ஓடும் பள்ளத்தில் ஈரம்.

மறுநாள் மாசாணியின் சடை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"யாரு கண்ணு தண்ணி ஊத்துனது?"

"அவங்கதான்."

"எவங்க?"

சடையைப் பிழிந்துகொண்டே வெளியே ஓடிவிட்டாள். எனக்கு ராமாமணி மேல்தான் சந்தேகம். நேரே போய்க் கேட்டேன்.

"ஏனக்கா, கொழாயில ஒரு கொடம் தண்ணிக்கே நான் சண்டை போட்டுட்டு இருக்கறேன். உங்க புள்ளை தலையில கொட்டுவனாக்கும்?"

நியாயம்தான். அப்படியானால் யார்? ஓடுபாதைக்கு மண் கொட்ட வந்த லாரிக்காரர்களை முறைத்தேன். வீட்டுக்காரரைக்கூட ஒரு மாதிரி பார்த்தேன்.

அடுத்த நாளும் அதே உச்சிவேளை. அடுப்படியில் இருந்தேன்.

கிரீச்... கிரீச்...

சட்டென்று நின்றது.

மாசாணியைக் காணோம்.

மதிலில் லாரி போக ஓர் இடைவெளி விட்டிருந்தார்கள். அதன் வழியாக ஓடினேன். உள்ளே தட்டையான செம்மண். கிணறு இருந்த இடத்தில் மாசாணி. இல்லாத கைப்பிடிச் சுவரில் கைகளை ஊன்றி, குனிந்து நின்றாள்.

"மாசாணி!"

"வாரேனுங்க..."

என்னிடம் அவள் 'ங்க' போட்டதே இல்லை.

அவள் காலடி மண் இறங்கியது...

கணுக்கால்... முழங்கால்...

இழுத்தேன். வரவில்லை.

அப்போதுதான் உறைத்தது. வாழ்நாளில் சொல்லாத சொல்லைக் கத்தினேன்.

"நாங்க போறோமுங்க! இனி வர மாட்டோமுங்க! போறோம்!"

மண் விட்டது.

ராட்டினத்தை அன்றே பழைய இரும்புக்குப் போட்டுவிட்டோம். பல மாதம் கழித்து, கிணத்துக்கடவு போகிற பஸ்ஸில் வெள்ளியங்கிரியைப் பார்த்தேன். எங்கள் கிணற்றை மூடிய மண் லாரியின் டிரைவர். கிணற்றைப் பற்றிக் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"மொத லோடு கொட்டப் போனமுங்க அம்மணி. உள்ளிருந்து ஒரு பொம்பளைக் குரல். எறங்கிப் பார்த்தோம். தண்ணி மட்டுந்தானுங்க."

"என்ன சொல்லுச்சுங்க?"

"ரொம்ப மரியாதையாத்தான் சொல்லுச்சுங்க. 'கொஞ்சம் இருங்க... பாப்பா வாரேன்னு சொல்லியிருக்குதுங்க'ன்னு."

அந்தக் கிணற்றில் யாரும் விழுந்து செத்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. இன்றைக்கு அதன் மேல் விமானங்கள் ஓடுகின்றன.

போதும், கண்ணுகளா. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் 'வாரேன்' என்று சொல்லிக் கிளம்பும் ஒவ்வொரு முறையும் உங்கள் வாசலுக்கே திரும்பி வரட்டும். நன்றாக இருங்கள்.