எழும்பாத கேக்

வட இங்கிலாந்தின் பேக்கப் ஊரில் க்ளாரிஸ் ஹோல்ட்டைத் தெரியாதவர்கள் கிடையாது. பள்ளிக்கூடம் முடிந்த கையோடு நெசவாலைக்குள் போனவள், ஆலையை இழுத்து மூடும்வரை தறியை விட்டு நகரவில்லை. அங்கே வாய்த்தவன்தான் வில்ஃப். தறி பழுது பார்க்கும் மேஸ்திரி. எங்கள் லங்காஷயர் வட்டாரத்தில் தறி மேஸ்திரி என்றாலே மண்டையில் ஒன்றுமில்லாதவன் என்று பேர். ஊரிலுள்ள கேலியெல்லாம் அவர்கள் தலையில்தான் விடியும். ஒரு மேஸ்திரி புறாக்கூண்டு கட்டினானாம், உள்ளே நின்றபடியே நாலு பக்கமும் அடைத்துவிட்டானாம், கதவு வைக்க மறந்துபோனானாம். அது வில்ஃப்தான் என்று ஊரே சொல்லும். அவனும் மறுத்ததில்லை. "உள்ள நிம்மதியாத்தான்யா இருந்துச்சு. ஒருத்தரும் வந்து தறி நின்னுபோச்சுன்னு கத்தல" என்பான்.

அந்த வில்ஃப் மார்ச் மாதத்தில் ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், எழுந்திருக்கவில்லை. க்ளாரிஸ் ஜன்னல் திரைகளை இழுத்து மூடினாள், அவனுடைய நல்ல சட்டையை இஸ்திரி போட்டாள், வந்தவர்களுக்கெல்லாம் டீ கொடுத்தாள். கண்ணில் மட்டும் பொட்டு நீர் இல்லை. தெற்கிலிருந்து ஓடிவந்த மகள் பிரெண்டா அழுது அழுது முகம் வீங்கிப்போனாள். அம்மாவை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாள். தெருவும் பார்த்தது. க்ளாரிஸுக்கும் உள்ளுக்குள் பயம்தான். நாம் கல்நெஞ்சுக்காரிதானோ என்று படுக்கையில் புரண்டாள்.

எங்கள் பக்கம் ஒருவரை மரியாதையாக அடக்கம் செய்தார்களா இல்லையா என்பதற்கு ஒரே அளவுகோல்தான்: வந்தவர்களுக்குப் பன்றித்தொடைக் கறி வைத்தார்களா? க்ளாரிஸ் அதில் குறை வைக்கவில்லை. ஆனால் கூடவே, அடக்கத்தன்று காலையில் எழுந்து ஸேட் கேக்கும் சுட்டுவிட்டாள். மாவில் பன்றிக்கொழுப்பைப் பிசிறி, உலர்ந்த திராட்சையைத் தூவி, தட்டு அகலத்துக்குத் தேய்த்துச் சுடுவது. எழும்பாது, உப்பாது, சப்பையாகக் கிடக்கும். வெண்ணெய் தடவித் துணியில் கட்டி ஆலைக்குக் கொண்டுபோகிற தீனி அது.

"ஏம்மா, இதையா துக்கத்துக்கு வந்தவங்க முன்னாடி வைப்ப? மானம் போகுது" என்றாள் பிரெண்டா.

"உங்கப்பா தின்னது இதுதான். அவரு பேரைச் சொல்லி ஆளுக்கு ஒரு துண்டு தின்னுட்டுப் போகட்டும்."

தேவாலயக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, மருமகன் ஜூலியன் ஒரு துண்டை எடுத்தான். பள்ளிக்கூட வாத்தியார், பரம சாது. ஸேட் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு, தெற்கத்திக்காரனான அவனுக்குத் தெரிந்த பொருள் துக்கம் ஒன்றுதான். தலையைத் தாழ்த்திக்கொண்டு, "இழவு வீட்டுக்குன்னே தனியா ஒரு கேக் செய்றது எவ்வளவு நல்ல வழக்கம், அத்தை" என்றான்.

க்ளாரிஸ் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். "இழவு வீட்டுக்கு இல்லப்பா. மாவு எழும்பாமக் கனத்துக் கிடந்தா நாங்க ஸேட்ன்னு சொல்லுவோம். வில்ஃப் இதைக் கேட்டிருந்தா மேஸ்திரிக் கதையெல்லாம் உன் தலையில கட்டியிருப்பாரு."

வில்ஃபின் அக்கா எடித் கோப்பையை ணங்கென்று வைத்தாள். "என் தம்பியை மண்ணுல வச்சு ஒரு மணி நேரம் ஆகல. சிரிப்பு வருதா உனக்கு?"

அத்தனை நாள் அடக்கிவைத்ததைப் பிரெண்டாவும் கேட்டுவிட்டாள். "அப்பாவுக்காக உனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் கூட வரலையாம்மா?"

க்ளாரிஸுக்கு முகம் வெளுத்துப்போனது. தன்னால் வந்த வினை என்று ஜூலியன் தவித்தான். எதையாவது சொல்லிச் சமாளிக்க வேண்டும். அவனுக்குத் தெரிந்ததோ பாடம் நடத்துவது ஒன்றுதான். "அந்தச் சொல்லுக்கு ஆதியில துக்கம்னே அர்த்தம் கிடையாது" என்று ஆரம்பித்தான். "வயிறார உண்டு நிறைஞ்சவன்னுதான் அர்த்தம். ஜெர்மன்காரங்க இன்னிக்கும் சாப்பிட்டு எழுந்திருக்கும்போது அதே மாதிரி ஒரு சொல்லைத்தான் சொல்றாங்க. நிறைஞ்சவன் கனத்துப்போறான். கனத்ததையெல்லாம் அப்படிச் சொன்னாங்க, உங்க மாவு உட்பட. மனசு கனக்கறதுக்கு அந்தப் பேரு வந்ததெல்லாம் அப்புறம்."

க்ளாரிஸ் அவனைப் பார்த்தபடியே இருந்தாள். பிறகு மகளிடம் திரும்பினாள்.

"கல்யாணம் ஆன மறுநாள்லேர்ந்து தினம் காலையில எனக்கு டீ போட்டுக் கொடுத்தாரும்மா உங்கப்பா. சண்டை போட்ட நாள்லயும் கொடுத்தாரு, சர்க்கரை போடாம. நான் கேட்டு அவரு இல்லைன்னு சொன்னது எதுவும் எனக்கு ஞாபகம் வரல. ராத்திரியெல்லாம் அழுகையைத் தேடிப் பாத்துட்டேன். நன்றிதான் வருது. வேற ஒண்ணும் வர மாட்டேங்குது. நான் என்ன செய்ய?"

பிரெண்டா நாற்காலியை இழுத்து அம்மாவின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

எடித்துக்கு ஆறவில்லை. கிளம்பும்போது வாசலில் பிரெண்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன இருந்தாலும் கண்ணே, புருஷன் செத்ததுக்கு ஒருத்தி அழாம இருந்து நான் பாத்ததில்ல" என்றாள்.

"அழறதுக்கு நான் இருக்கேன் அத்தை" என்றாள் பிரெண்டா. "எனக்கு அப்பா பத்தல. அம்மாவுக்கு நிறைஞ்சிருச்சு."