கப்பலுக்கு ஆகாத பழம்

வாழைப்பழம் கப்பலைக் கவிழ்க்கும் என்று சொன்ன ஆளை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற எண்ணமும் இல்லை. பெரிய மனசு பண்ணு என்று உபதேசிக்க யாராவது வந்தால், வந்த வழியே போகச் சொல்லிவிடுவேன்.

எங்கள் வீடு சின்னமனூருக்கு வெளியே, வாழைத் தோட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. கடலைப் பார்க்க அரைநாள் பஸ்ஸில் போகவேண்டிய ஊரில் பிறந்து, நான் கப்பல் படிப்புப் படித்தேன். முடித்ததும் ஒரு சரக்குக் கப்பலில் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. பதினெட்டு மாதம் கடலில் ஓட்டினால்தான் அதிகாரியாவதற்கான பரீட்சை எழுத முடியும். அந்தப் பதினெட்டு மாதம்தான் அப்போது எனக்கு உயிர்.

கப்பல் தூத்துக்குடியில் நின்றது. புது இடத்துக்கு வெறுங்கையோடு போகிற பழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. அப்பா செவ்வாழையில் நான்கு சீப்பு வெட்டிச் சாக்கில் சுற்றிக் கொடுத்தார். நானும் சம்பந்தி வீட்டுக்குப் போகிறவள் மாதிரி அதைத் தூக்கிக்கொண்டு கப்பல் ஏணியில் ஏறினேன்.

மேலே நின்றவர் போசன், அதாவது கப்பலின் மேல்தளத்து ஆட்களுக்கு மேஸ்திரி. அவர் எங்கள் பக்கத்து ஊரான கம்பத்துக்காரர் என்று தெரிந்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர் சாக்கைத்தான் பார்த்தார்.

"ஏ ஆத்தா, இத என்னத்துக்குக் கொண்டாந்த? வாழப்பழம் கப்பலுக்கு ஆகாதுன்னு ஒனக்கு ஒருத்தரும் சொல்லலையா?"

"நம்ம ஊர்ப் பழந்தாண்ணே. எல்லாருக்கும் குடுக்கலாம்னு..."

"நம்ம ஊரோட வச்சுக்க. பொம்பள ஏறுனதே பத்தாதுன்னு பழம் வேறயா?"

அந்தக் காலத்தில் வாழைத்தார் ஏற்றிப்போன கப்பல்கள் கரை சேராமல் போயினவாம். தாருக்குள் ஒளிந்திருக்கும் விஷச் சிலந்தி ஆட்களைக் கடித்ததாம். தளத்தில் சீட்டி அடித்தால் புயல் வருமாம். வெள்ளிக்கிழமை நங்கூரம் தூக்கக் கூடாதாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் முகத்துக்கு நேரே சிரித்தேன். மறு நிமிஷம் நான்கு சீப்பையும் எடுத்துத் துறைமுகத்துத் தண்ணீரில் வீசினார். எங்கப்பா பார்த்துப் பார்த்து வெட்டிய பழம்!

எட்டாவது மாதம், ஏணியைத் தூக்கி இறக்கும் இரும்பு வயருக்குக் கிரீஸ் பூசிக்கொண்டிருந்தேன். துருப்பிடித்த இழைகள் அறுந்து முள் முள்ளாக நின்றன. வயரை மாற்றுவது போசனின் பொறுப்பு. ஓடிப்போய் அவரிடம் சொன்னேன்.

"பாத்துக்கலாம் தாயி. நீ ஓஞ்சோலியப் பாரு," என்றார்.

பத்து நாள் கழித்து வயர் அறுந்தது. ஏணியில் இறங்கிக்கொண்டிருந்த ஒருவர் கீழே கரைத்தளத்தில் விழுந்து தொடை எலும்பு முறிந்து கிடந்தார். கேப்டன் எல்லோரையும் கூப்பிட்டு விசாரித்தார். போசன் கையைக் கட்டிக்கொண்டு, இந்தப் பெண் ஏறிய நாளிலிருந்தே கப்பலில் நல்லது நடக்கவில்லை என்றார். பழக் கதையையும் எடுத்துவிட்டார். பாதிப் பேர் தலையாட்டினார்கள். வயரைக் கடைசியாகத் தொட்டவளும் இவள்தான் என்று முடித்தார். வயரைப் பற்றிப் பத்து நாள் முன்பே அவரிடம் சொன்னேன் என்றேன். அப்படி யாரும் என்னிடம் சொல்லவில்லை என்று அந்த மனுஷன் கண்கொட்டாமல் சாதித்தார்.

வாழைப்பழம் என்று கேப்டனால் அறிக்கையில் எழுத முடியாதே! 'கவனக்குறைவு' என்று எழுதினார். அடுத்த துறைமுகத்தில் என்னை இறக்கிவிட்டார்கள்.

ஊரில் கேட்கவா வேண்டும்? "பாதியிலயே எறக்கி விட்டுட்டாகளாம்ல. ராசியில்லாத புள்ள போல," என்று என் காதுபடவே பேசினார்கள். வயிறு எரிய வீட்டில் கிடந்தேன். தேனி நூலகத்துக்குப் போய்ப் பழைய கடல் பயணங்களைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். அந்தக் கால மாலுமிகள் ஈறு அழுகி ரத்தம் கொட்டச் செத்திருக்கிறார்கள். புழு நெளிகிற தண்ணீரைக் குடித்திருக்கிறார்கள். பலகையைப் பூச்சி அரித்து, நடுக்கடலில் ஓட்டை விழுந்திருக்கிறது. எங்கே போகிறோம் என்றே தெரியாமல் மாதக்கணக்கில் மிதந்தவன் எதைக் கண்டுதான் பயப்பட மாட்டான்? அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்கள் நிஜமாகவே பயந்தார்கள். என் போசனுக்குப் பயமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வயர் ஏன் அறுந்தது என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

மூன்று வருடம் கதவு கதவாகத் தட்டினேன். கடைசியில் ஒரு சின்னக் கம்பெனி சேர்த்துக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு வேலை பார்த்து, பரீட்சைகள் எழுதி, இப்போது சீஃப் ஆபீசராக இருக்கிறேன். அடுத்தது கேப்டன் பதவிதான். ஆனால் ஒவ்வொரு நேர்காணலிலும் அந்த 'கவனக்குறைவு' கோப்பிலிருந்து எழுந்து வந்து உட்கார்ந்துகொள்ளும். அதை அழிக்கக்கூடிய ஆள் உலகத்தில் ஒருவர்தான் இருந்தார்.

போன வருடம் விடுமுறையில் வீட்டில் இருந்தபோது, அடுத்த கப்பலுக்கான ஆட்களின் பட்டியல் போனுக்கு வந்தது. போசன் இடத்தில் அவர் பெயர். போசன் எனக்குக் கீழே வேலை பார்க்கிறவர் என்பதால், ஆட்சேபணை உண்டா என்று ஆபீசில் கேட்டிருந்தார்கள். நான் பதிலே போடவில்லை. மூன்றாம் நாள் காலையில் எப்படியோ விசாரித்துக்கொண்டு தோட்டத்துக்கே வந்துவிட்டார். தலை முழுக்க நரைத்திருந்தது. நானும் அப்பாவும் இலை அறுத்துக்கொண்டிருந்தோம்.

"ஒன் கப்பல்னு சொன்னாக தாயி. இந்தக் கப்பல் ஒண்ணு ஓடிட்டேன்னா போதும், அப்பறம் கரையில ஒக்காந்துருவேன். ஒரு வார்த்த சொல்லு. பழசெல்லாம் மனசுல வச்சுக்காத."

"அன்னைக்கு நடந்தத ஒங்க கையால எழுதிக் குடுங்கண்ணே."

"எழுதுனா சேத்துக்குவியா?"

"எழுதுங்க," என்றேன்.

மோட்டார் ரூம் திண்டில் உட்கார்ந்து எழுதினார். வயர் மோசமாக இருப்பதை அந்தப் பெண் முன்கூட்டியே என்னிடம் சொன்னாள், மாற்றாமல் விட்டது நான், விசாரணையில் பொய் சொன்னதும் நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். படம் எடுத்து ஆபீசுக்கு அனுப்பினேன். கூடவே, இவரை நான் ஏற்க மாட்டேன் என்று அவர் பார்க்கப் பார்க்கவே தட்டி அனுப்பினேன்.

"ஆத்தா! சேத்துக்கிறேன்னு சொன்னியே?"

"எங்க சொன்னேன்? எழுதுங்கன்னுதானண்ணே சொன்னேன்."

"முப்பது வருசம் கடல்லயே கெடந்தவன் தாயி. இப்பிடி எறக்கி விடலாமா?"

"என்னய நீங்க எறக்கி விட்டப்ப எனக்கு இருபத்தோரு வயசு."

திண்டிலிருந்து எழுந்து வரப்பு வழியாகப் போய்விட்டார். எனக்கு நெஞ்செல்லாம் குளுகுளுவென்றிருந்தது. அப்பா அந்தக் காகிதத்தை இரண்டு முறை படித்தார்.

"பாவம், வயசான மனுசன். இம்புட்டுப் போதும்ல?" என்றார்.

"போதலப்பா," என்றேன்.