மணப்பெண்ணை அழவைக்கும் பாட்டு

மே மாதத்து ஞாயிறு, பகல் பன்னிரண்டு பத்து. மோர்னிங்சைட் வீதியும் எல்ஸ்மியரும் சந்திக்கும் இடத்தில் 116 பஸ் ஏறினேன். கட்டணம் மூன்று டொலர் முப்பது சதம். கென்னடி நிலையத்தில் நிலக்கீழ் ரெயினுக்கு மாறினால் மேற்கே பதினேழாவது நிறுத்தம் பாதர்ஸ்ற்.

என் வயலினைத் திருத்தக் கொடுத்த கடையில் அந்த அறிவித்தலைப் பார்த்திருந்தேன். 'யூதக் கல்யாண இசை. இரண்டு மணப்பெண்கள். இருபது டொலர்.' நான் அரங்கேற்றங்களுக்கு வாசிப்பவள். றிச்மண்ட் ஹில்லிலிருந்து ஸ்ரௌவ்வில் வரை என்னைத் தெரியாத தமிழ் மண்டபம் இல்லை. அங்கே எல்லோருக்கும் சுகந்தியையும் தெரியும், என் றூம்மேட்டாக. ஆறு வருடம் ஒரே வீட்டில், ஒரே கட்டிலில் வாழ்ந்தோம். தை மாதம் அவள், விமானத்தில் நாலு மணி நேரத் தூரத்திலிருக்கும் கல்கரிக்குப் போய்விட்டாள். நாங்கள் சேர்ந்திருந்தது யாருக்கும் தெரியாது. ஆகவே பிரிந்ததும் தெரியாது. ஒருவரும் துக்கம் விசாரிக்கவில்லை. "அறைக்கு வேறை ஆள் பிடிச்சிட்டீரோ?" என்றுதான் கேட்டார்கள்.

ஒன்று ஐம்பது. நிலையத்திலிருந்து தெற்கே பத்து நிமிட நடை. பழைய யூத வழிபாட்டிடம் ஒன்றின் கீழ்த்தளத்தில் நாற்பது கதிரைகள். கடைசி வரிசையில், ஓரத்தில் இருந்தேன்.

கிளாரினெற் வாசித்தவள் மிரியம். அக்கோர்டியன் வாசித்தவள் அவளுடைய மனைவி டாலியா. இருவருக்கும் ஐம்பது வயதிருக்கும். "பெண்ணைக் கட்டியதை அம்மா மன்னித்துவிட்டா," என்றாள் மிரியம் ஆங்கிலத்தில். "அக்கோர்டியன்காரியைக் கட்டியதைத்தான் இன்னும் மன்னிக்கவில்லை." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தபடி பக்கத்துக் கதிரைக்குத் திரும்பினேன். அந்தக் கதிரையில் என் கோட்டு மட்டும் கிடந்தது.

அந்தக் காலத்து யூதக் கல்யாணங்களில், சடங்குக்கு முன் மணப்பெண்ணை நடுவில் இருத்தி, ஒரு விகடகவி பாடி அழவைப்பானாம். பிறகு அவனே சிரிக்கவும் வைப்பானாம். "எங்களுடைய கல்யாணத்துக்குக் கூப்பிட்ட விகடகவி வர மறுத்துவிட்டார்," என்றாள் டாலியா. "அதனால் நாங்களே ஒருவரையொருவர் அழவைத்தோம். இன்னும் நிறுத்தவில்லை."

பிறகு அந்தப் பாட்டின் முதல் அடியை வாசித்தார்கள். எங்களுடைய வகுளாபரண ராகத்தின் சுரங்கள். என் இடக்கை விரல்கள் முழங்காலில் தாமாகவே அசைந்தன.

"இதற்கு ஒரு மணப்பெண் வேண்டும்," என்றாள் மிரியம். "அழவேண்டிய ஆள் யாராவது இருக்கிறீர்களா?"

ஏன் கை உயர்த்தினேன் என்று இப்போதும் தெரியவில்லை. முன்னால் கதிரை போட்டு என்னை இருத்தினார்கள். மிரியம் குனிந்து, "யாருக்காக?" என்றாள்.

"சுகந்தி. என் மனைவி. கல்கரிக்குப் போய்விட்டாள்."

அதுவரை மனைவி என்ற சொல்லை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை.

"கல்கரிக்கா? அந்தக் குளிருக்கா? அப்படியானால் அவளல்லவா அழவேண்டும்," என்றாள் மிரியம். மண்டபம் சிரித்தது. அவள் சுகந்தியின் பெயரை இரண்டு தரம் பிழையாகச் சொன்னாள். திருத்தினேன். மூன்றாம் தரம் சரியாகச் சொல்லி, யூதர்களின் இத்திஷ் மொழி அடிக்குள் அதை வைத்துப் பாடினாள். அப்போதுதான் அழுதேன். கைதட்டினார்கள்.

முடிந்ததும் டாலியா ஒரு கோப்பி தந்தாள். மற்றவர்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து சாப்பிடப் புறப்பட்டார்கள். நான் கனதூரம் போகவேண்டும் என்று சொல்லி வெளியே வந்தேன்.

ஐந்து மணி. கென்னடியில் பஸ் ஏறியபோது, முன்பு எங்கள் கட்டடத்தில் குடியிருந்த பரமேஸ் அன்ரி மரக்கறிப் பைகளோடு இருந்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"எங்கை போட்டு வாறீர் பிள்ளை?"

"ஒரு கச்சேரிக்கு அன்ரி."

"உம்மடை றூம்மேட் வரேல்லையோ?"

"அவ றூம்மேட் இல்லை அன்ரி. கலியாணம் கட்டினாக்கள் மாதிரித்தான் இருந்தனாங்கள். இப்ப விட்டிட்டுப் போட்டா."

அன்ரி எங்களுக்கு நடுவிலிருந்த பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு யன்னலைப் பார்த்தார். அடுத்த அரங்கேற்றத்துக்கு என்னைக் கூப்பிடுவார்களா என்று யோசித்தேன். லோறன்ஸ் நிறுத்தம் வந்ததும் அவர் எழும்பினார்.

"எத்தினை வருசம்?"

"ஆறு."

"ம்." கதவடியில் நின்று, திரும்பாமலே சொன்னார்: "நேரத்துக்குச் சாப்பிடும்."

எல்ஸ்மியரில் இறங்கினேன். வெயில் இன்னும் இருந்தது. பாதர்ஸ்ற்றில் எனக்காகக் கைதட்டியவர்களில் ஒருவரையும் இனிக் காணப்போவதில்லை. பரமேஸ் அன்ரியை அடுத்த கிழமையே மரக்கறிக் கடையில் காண்பேன்.

கதவைத் திறந்தேன். வீட்டில் ஒருவருமில்லை. இன்று முதல், இன்னொரு ஆளுக்கும் அது தெரியும்.