நாய் கடைசிவரை நலம்

சுந்தரவல்லிக்கு மனிதர்கள் சாவதில் ஆட்சேபணையே கிடையாது. நாவலில்தான். பேக்கரிக்காரி மாவு மூட்டைக்கு அடியில் செத்துக் கிடக்கட்டும், பாதிரியார் குளத்தில் மிதக்கட்டும், சுந்தரவல்லி தன் பாட்டுக்குக் கடலையை மென்றுகொண்டே பக்கத்தைப் புரட்டுவார். ஆனால் துப்பறிகிற பூனைக்கோ நாய்க்கோ ஒரு கீறல் விழக்கூடாது. விழுந்தால் அன்றைக்கு வீட்டில் சமையல் இல்லை.

அதனால் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் கடைசி அத்தியாயத்தைத்தான் முதலில் படிப்பார். கொலைகாரன் யாரென்று தெரிந்துவிடும், தெரிந்துவிட்டுப் போகட்டும். பிராணி உயிரோடு இருந்தால் முதல் பக்கத்துக்கு வருவார்.

இதைத் தன்னோடு வைத்துக்கொண்டிருந்தால் வம்பில்லை. மத்திய அரசில் முப்பத்து நான்கு வருஷம் ஃபைலில் நோட்டிங் எழுதிய கை சும்மா இருக்குமா? டெல்லி மயூர் விஹாரில் அவர் குடியிருக்கும் அடுக்குமாடி சொசைட்டிக்கென்று ஒரு சின்ன நூலகம் உண்டு. அங்கிருந்து எடுத்த ஒவ்வொரு புத்தகத்தின் முதல் பக்கத்திலும் பென்சிலால் எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டுத் திருப்பினார்: 'சரிபார்க்கப்பட்டது. பூனை கடைசிவரை நலம். படிக்கலாம்.'

பாதிப் பேர் இந்த நோட்டிங்கைப் பார்த்துத்தான் புத்தகமே எடுத்தார்கள். சி பிளாக் சந்திரமௌலிக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது. வேறொரு அமைச்சகத்தில் அதிகாரியாக இருந்தவர். எந்த ஃபைல் வந்தாலும் ஒரு கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பியே ரிட்டயர் ஆனவர். நூலகத்தைக் கவனித்துக்கொள்ளும் ஜலஜாவிடம் எழுத்திலேயே புகார் கொடுத்தார். 'நாய்க்கு என்ன ஆகுமோ என்று பதறுவதற்குத்தான் படிக்கிறேன். ஓர் அம்மாள் முதல் பக்கத்திலேயே என் பதற்றத்தைப் பறித்துக்கொள்கிறார்.'

ஜலஜா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "மாமி, இன்னும் ஒரு தடவை எழுதினேள்னா உங்க கார்டை கேன்ஸல் பண்றதா கமிட்டி முடிவு பண்ணிடுத்து."

அந்தக் கார்டு போனால் சுந்தரவல்லிக்கு மத்தியானங்களே போன மாதிரி. டிவியில் எல்லாரும் கத்துகிறார்கள். ஃபோனில் படித்தால் கண் எரிகிறது. பென்சிலை அலமாரியில் போட்டுப் பூட்டினார். இரண்டு மாதம் எழுதாமல் இருந்தார். விரல் நமநமத்தது.

ஒரு நாள் காலை பத்து மணிக்கு வாசல் மணி அடித்தது. சந்திரமௌலி. கையில் நூலகப் புத்தகம்.

"மேடம், நூத்தி எண்பதாம் பக்கம். நாய் அந்த விஷ பிஸ்கட்டைத் தின்னுடுத்து."

"அச்சா. மேலே படிங்கோ."

"முடியலை. மூணு நாளா அங்கேயே நிக்கறேன். கடைசியைப் புரட்டவும் தைரியம் இல்லை. நீங்க கொஞ்சம் பார்த்துடுங்கோளேன்."

"நான் எழுதப்படாதுன்னு நீங்கதானே புகார் குடுத்தேள்?"

"வாயால சொன்னாப் போறும்."

"வாயால சொல்றது ஃபைலுக்கு ஆகாது ஸார். உங்களுக்குத் தெரியாததா?"

நன்றாகக் கொடுத்துவிட்டோம் என்ற திருப்தியோடு புத்தகத்தை வாங்கிக் கடைசி அத்தியாயத்தைப் பிரித்தார். திருப்தி அரைப் பக்கம்கூடத் தாங்கவில்லை. நாய் போய்விட்டது. இந்த மாதிரி நாவலில் நடக்கவே கூடாத அநியாயம்! எழுதினவர் எதிரில் இருந்திருந்தால் சுந்தரவல்லி ஒரு மெமோ கொடுத்திருப்பார்.

சந்திரமௌலி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். 'நலம்' என்று பொய் சொல்லிவிடலாமா என்று சுந்தரவல்லிக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. மனுஷன் அவ்வளவு பரிதாபமாக நின்றார். சொல்லலாம். ஆனால் புத்தகம் நாளைக்கு வேறு யார் கைக்காவது போகும். அவருக்கும் நூற்று எண்பதாம் பக்கம் வருமே.

உள்ளே போய் அலமாரியைத் திறந்தார். முதல் பக்கத்தில் எழுதினார்: 'சரிபார்க்கப்பட்டது. நாய் பிழைக்கவில்லை. மனதைத் திடப்படுத்திக்கொண்டு எடுக்கவும்.' கையெழுத்து. தேதி.

சந்திரமௌலி அதை இரண்டு தரம் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கமிட்டி கார்டை வாங்கிடுமே, மேடம்."

"வாங்கட்டும்."

அவர் பென்சிலுக்காகக் கையை நீட்டினார். சுந்தரவல்லியின் கையெழுத்துக்குக் கீழே எழுதினார்: 'ஒப்புக்கொள்கிறேன். புகார் வாபஸ்.' தானும் கையெழுத்துப் போட்டார். கேள்வி கேட்காமல் அவர் ஒரு நோட்டிங்கைத் தாண்ட விட்டது அதுதான் முதல் தடவை.

பென்சிலைத் திருப்பிக் கொடுக்க வந்தவர் கொடுக்கவில்லை. மறுபடி குனிந்து, ஓரத்தில் சின்னதாக எழுதினார்: 'பாவம். நல்ல நாய்.'